ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீடுகள். பெரிய இயந்திரம் நுழைய இடம் இல்லை. அங்கே ஒரு சிறிய இயந்திரம் வருகிறது. செயின்மேல் ஊர்ந்து வருகிறது. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. மண்ணைத் தோண்டி ஓரமாகப் போடுகிறது.

இதுதான் மினி எக்ஸ்கவேட்டர். பொதுவாக இதன் எடை 6 டன்னுக்கும் குறைவு. சிலர் இதை மினி ஹிட்டாச்சி என்பார்கள். சிலர் மினி பொக்லைன் என்பார்கள். ஹிட்டாச்சி என்பது ஜப்பான் நாட்டுக் கம்பெனியின் பெயர். பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியின் பெயர். கம்பெனியின் பெயரே மக்கள் வாயில் இயந்திரத்தின் பெயர் ஆகிவிட்டது.

2019ஆம் ஆண்டில் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் பதிக்கும் வேலை பெருகியது. இந்தச் சிறிய வண்டிக்கும் வேலை பெருகியது.

பலர் கடன் வாங்கித்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அன்று வருமானம் இல்லை. ஓட்டுநருக்கும் கூலி இல்லை. ஆனால் கடன் தவணை நிற்காது.

வண்டியின் கால் அதன் செயின்தான். கால் சரியில்லாவிட்டால் கை நன்றாக இருந்தும் பயன் இல்லை. இந்தப் பாடத்தில் வண்டியின் காலைப் பற்றிப் படிப்போம்.

வண்டி எப்படி நகர்கிறது?

என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஹைட்ராலிக் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. ஓட்டுநர் லீவரைத் தள்ளுகிறார். வால்வு திறக்கிறது. ஆயில் கீழே இறங்குகிறது.

வண்டியின் மேல்பகுதி சுற்றும். கீழ்ப்பகுதி சுற்றாது. இரண்டுக்கும் நடுவே ஆயில் போக ஒரு வழி வேண்டும். அதுதான் சென்டர் ஜாயிண்ட்.

அங்கிருந்து ஆயில் ஹோஸ் வழியாக டிராவல் மோட்டாருக்குப் போகிறது. இடது பக்கம் ஒரு மோட்டார். வலது பக்கம் ஒரு மோட்டார். மோட்டார் வேகமாகச் சுற்றும். ஆனால் அதற்குப் பலம் குறைவு. அதோடு ஒரு கியர் பெட்டி சேர்ந்திருக்கிறது. அது வேகத்தைக் குறைக்கிறது. பலத்தைக் கூட்டுகிறது. கியர் பெட்டி பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பல்சக்கரம் செயினை இழுக்கிறது. வண்டி நகர்கிறது.

ஆகவே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மோட்டார்தான் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆயில் வரும் வழியில் எங்கு வேண்டுமானாலும் குறை இருக்கலாம்.

மெக்கானிக் சொன்ன புத்தி

ஒரு ஓட்டுநர் மெக்கானிக்கிடம் வந்தார்.

“அண்ணே, இடது பக்கம் மெதுவாகப் போகிறது. புது மோட்டார் போட்டுவிடலாமா?”

“அவசரப்படாதே தம்பி. செயினைக் கழுவிப் பார்த்தாயா?”

“இல்லை அண்ணே.”

“கியர் ஆயில் எவ்வளவு இருக்கிறது?”

“அதைத் திறந்து பார்த்ததே இல்லை அண்ணே.”

“மோட்டாரைக் கழற்றுவது கடைசி வேலை. செலவில்லாத வேலையை முதலில் செய்.”

ஓட்டுநர் செயினைக் கழுவினார். பல்சக்கரத்துக்குப் பின்னால் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஒரு சாக்கும் சிக்கியிருந்தது. கம்பி அங்கே இருந்த சீலை வெட்டிவிட்டது. கியர் ஆயில் பாதி கசிந்து போயிருந்தது. மெக்கானிக் சீலை மாற்றினார். புது ஆயில் ஊற்றினார். கியர் தப்பியது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் கியர் பெட்டியே போயிருக்கும்.

வரிசையாகப் பாருங்கள்

முதல் படி: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?
இரண்டு பக்கமும் மெதுவாக இருந்தால் பொதுவான குறையைத் தேடுங்கள். ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பாருங்கள். பில்டரைப் பாருங்கள். பூமும் பக்கெட்டும் மெதுவாக இருக்கின்றனவா? அப்படியானால் பம்பிலும் குறை இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: சுத்தம் செய்யுங்கள்.
மண், கல், கம்பி, சாக்கு, பிளாஸ்டிக், வைக்கோல் எல்லாவற்றையும் எடுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே கை வையுங்கள்.

மூன்றாம் படி: செயினின் இறுக்கத்தைப் பாருங்கள்.
செயின் அதிக இறுக்கமாக இருந்தால் மோட்டாருக்குச் சுமை. பேரிங் கெடும். பல்சக்கரம் தேயும். செயின் அதிகத் தளர்வாக இருந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். செயினைத் தரையிலிருந்து தூக்குங்கள். நடு ரோலருக்கும் தொங்கும் செயினுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பல சிறிய வண்டிகளில் இது 10 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: சுற்றவிட்டு நேரம் பாருங்கள்.
வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். மேல்பகுதியை ஒரு பக்கமாகத் திருப்புங்கள். பக்கெட்டின் அடிப்பாகத்தைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். அந்தப் பக்கத்துச் செயின் மேலே எழும்பும். செயினில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். செயினைச் சுற்றவிடுங்கள். 3 சுற்றுக்கு எத்தனை வினாடி ஆகிறது? எழுதிக்கொள்ளுங்கள். மறுபக்கமும் இப்படியே செய்யுங்கள். இரண்டு தடவையும் என்ஜின் வேகம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆள் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

காலையில் ஒரு முறை பாருங்கள். ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஒரு முறை பாருங்கள். சூடான பிறகு ஒரு பக்கம் இன்னும் மெதுவாகிறதா? அந்த மோட்டார் உள்ளே தேய்ந்திருக்கலாம். சூடான ஆயில் இளகும். தேய்ந்த இடைவெளியில் நழுவிப் போகும். சுற்றவிடும்போது இரண்டும் சமமாக இருந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் ஒரு பக்கம் இழுக்கலாம். அப்போது மெக்கானிக் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கியர் ஆயிலைப் பாருங்கள்.
கியர் பெட்டி மூடியில் பிளக்குகள் இருக்கும். புத்தகத்தில் படம் இருக்கும். அதில் காட்டியபடி பிளக்குகள் வரும்வரை வண்டியை மெல்ல நகர்த்துங்கள். என்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். ஓரமாக நின்று பிளக்கை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே அழுத்தம் இருக்கலாம். அளவு பார்க்கும் துளையின் விளிம்புவரை ஆயில் இருக்க வேண்டும்.

ஆயில் நமக்குச் செய்தி சொல்லும்:

• ஆயில் குறைந்திருந்தால் வெளிச் சீல் கசிகிறது.
• ஆயில் அதிகமாகி இளகியிருந்தால் மோட்டாரின் உள் சீல் கசிகிறது. ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வருகிறது.
• ஆயில் பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.
• ஆயிலில் இரும்புத் துகள் மின்னினால் கியர் அல்லது பேரிங் தேய்கிறது. வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆறாம் படி: மெக்கானிக் செய்யும் சோதனை.
சென்டர் ஜாயிண்டிலிருந்து இரண்டு மோட்டார்களுக்கும் போகும் ஹோஸ்களை மெக்கானிக் இடம் மாற்றுவார். அழுத்தத்தை இறக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். பிறகு வண்டியை நகர்த்திப் பார்ப்பார். முன்பு மெதுவாக இருந்த பக்கமே இப்போதும் மெதுவாக இருக்கிறதா? அப்படியானால் குறை அந்த மோட்டாரில் அல்லது கியர் பெட்டியில் இருக்கிறது. குறை மறுபக்கத்துக்கு மாறிவிட்டதா? அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்டர் ஜாயிண்ட், வால்வு, பம்ப் ஆகியவற்றில் குறையைத் தேட வேண்டும். இந்தச் சோதனையின்போது இடது லீவர் வலது செயினை நகர்த்தும். கவனம் தேவை.

இந்தச் சோதனைக்குப் பிறகுதான் புது மோட்டார் பற்றி யோசிக்க வேண்டும்.

உயிர் முக்கியம்

செயினை இறுக்குவது கிரீஸ். ஒரு சிலிண்டரில் கிரீஸ் அழுத்தமாக நிறைந்திருக்கிறது. அது முன்சக்கரத்தைத் தள்ளுகிறது. செயினைத் தளர்த்த வேண்டுமானால் கிரீஸ் வால்வைச் சிறிது திருப்ப வேண்டும். முழுவதும் கழற்றவே கூடாது. கழற்றினால் வால்வு குண்டுபோலப் பாயும். அதற்கு நேரே முகத்தையோ உடம்பையோ வைக்காதீர்கள்.

அழுத்தத்தில் பீறிடும் கிரீஸும் ஆயிலும் தோலைத் துளைக்கும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். முதலில் வலி குறைவாக இருக்கலாம். நேரம் கடந்தால் விரலையே எடுக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “அழுத்தத்தில் வந்த ஆயில் உள்ளே போய்விட்டது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அட்டையை அருகில் பிடியுங்கள். அட்டையில் ஆயில் படியும்.

பக்கெட்டை ஊன்றித் தூக்கிய வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹோஸ் உடைந்தால் வண்டி இறங்கிவிடும். வேலை இருந்தால் பலமான கட்டைகளை முட்டுக் கொடுங்கள்.

வருமுன் காப்போம்

1. வேலை முடிந்ததும் செயினைச் சுத்தம் செய்யுங்கள். ஈர மண் இரவில் காய்ந்தால் கல்லாகும்.

2. கம்பியும் சாக்கும் கிடக்கும் இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். முதலில் அவற்றை அகற்றுங்கள்.

3. கான்கிரீட் தரையில் நின்ற இடத்திலேயே சட்டென்று திருப்பாதீர்கள். அகலமாக வளைத்துத் திருப்புங்கள்.

4. தூரத்துக்கு வண்டியைச் செயினிலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்.

5. புறப்படும் முன் பிளேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கேபின் பின்னால் திரும்பியிருந்தால் லீவர் மாற்றி வேலை செய்யும். முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போகும்.

6. கியர் ஆயிலை மணிக்கணக்குப்படி மாற்றுங்கள். புது வண்டியில் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். பிறகு பல வண்டிகளில் 500 மணிக்கு ஒரு முறை அல்லது 1000 மணிக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்வதே சரி.

7. சில வண்டிகளில் மோட்டாரிலிருந்து திரும்பும் சிறு ஹோஸில் ஒரு சின்ன பில்டர் இருக்கும். அது அடைத்தால் மோட்டாருக்குள் அழுத்தம் ஏறும். சீல் கிழியும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

வண்டியில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, மீட்டர் மணி, பார்த்தது, செய்தது என்று தலைப்பு எழுதுங்கள். வாரம் ஒரு முறை எழுதுங்கள். போன மாதம் 3 சுற்றுக்கு எத்தனை வினாடி ஆனது என்பதை மனம் மறந்துவிடும். நோட்டு மறக்காது. மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டுங்கள். தேவையில்லாத பாகத்தை வாங்கும் செலவு மிச்சமாகும்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. இரண்டு செயினும் மெதுவாக ஓடினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
2. கியர் ஆயில் பால் போல் இருந்தால் என்ன பொருள்?
3. கிரீஸ் வால்வை ஏன் முழுவதும் கழற்றக் கூடாது?

கணக்குப் போடுங்கள்

1. வலது செயின் 3 சுற்றுக்கு 24 வினாடி எடுத்தது. இடது செயின் 36 வினாடி எடுத்தது. இடது செயினின் ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி அதிகம்?
2. மீட்டர் 1,250 மணி காட்டியபோது கியர் ஆயில் மாற்றினார்கள். புத்தகம் 500 மணிக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. அடுத்து மீட்டர் எத்தனை மணி காட்டும்போது மாற்ற வேண்டும்?

எழுதிப் பழகுங்கள்

செயின், பல்சக்கரம், கியர் ஆயில், சீல், மீட்டர், தவணை