மறுப்புக் கடிதத்திற்குப் பின்

உதவித்தொகை வேண்டி விண்ணப்பித்த மாற்றுத்திறனாளிக்குத் 'தகுதியில்லை' என்னும் விடை வருகிறது. பலர் அத்துடன் ஓய்ந்துவிடுகின்றனர், சட்டம் ஓய்வதில்லை.

நலத்திட்டங்கள் பலவற்றுக்கு 40 விழுக்காட்டுக் குறைபாடே எல்லைக்கோடு. மருத்துவக் குழு 38 என மதிப்பிட்டால், அவ்விரண்டு எண்களே ஒருவரின் மாத உதவியைப் பறித்துவிடும். சான்றளிப்போரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 59ஆம் பிரிவில் வழங்குகிறது. சான்றிதழ் மறுக்கப்படின், காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது மருத்துவ அலுவலரின் கடமை. அக்காரணமே மனுவின் தொடக்கப்புள்ளி. இரக்கத்தை வேண்டும் நீண்ட பத்திகளைவிட, அதற்கு நேர்விடையாகும் ஒரு மருத்துவ அறிக்கை வலியது. கெடுவிற்குள் அளித்து ஒப்புகை பெறுதலும் வேண்டும்.

இத்தகைய மனுவைத் தாமே எழுதலாம். வழக்கு நீதிமன்றம்வரை செல்லுமாயின் வழக்கறிஞர் துணை நன்று. கட்டணத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் விண்ணப்பிக்கலாம்.