பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள்



கடந்த லீவில் கற்பிட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல் தொழில் செய்யும் குடும்பம். மூத்த மகனின் படிப்புக்காகப் பழைய கம்பியூட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கடிதத்தைத் தேடி நான் திணறியபோது, ஏழு வயதுக் கடைக்குட்டி ஓடி வந்து, "மாமா, இங்க அமத்துங்க" என்று காட்டினாள். உடனே தாய், "தொடாத மகள், பழுதாப் போயிரும்!" என்று அதட்டினார். பிள்ளை ஒதுங்கிக்கொண்டாள். நமது லயங்களிலும் இதே சத்தம் கேட்கத்தானே செய்கிறது?

பிள்ளைகளுக்கு இது எப்படிச் சுலபமாக வருகிறது? அவர்களுக்குப் பிழை விடப் பயமில்லை. ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றை அமத்திப் பார்ப்பார்கள்.

1999 ஆம் ஆண்டு டில்லியில், கல்காஜி என்ற இடத்தில் சேரியை ஒட்டிய சுவரொன்றில் சுகதா மித்ரா என்பவர் ஒரு கம்பியூட்டரைப் பதித்து வைத்தார். சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடையாது. ஆங்கிலமும் சரியாகத் தெரியாத பிள்ளைகள் கூடி நின்று, ஒருவருக்கொருவர் காட்டி, தாங்களே இயக்கப் பழகிவிட்டார்கள்.

பின்னர் அவர் தென்னிந்தியாவில் காளிக்குப்பம் என்ற கிராமத்துக்குப் போனார். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு, மரபணு பற்றிய கடினமான பாடத்தை ஆங்கிலத்திலேயே கம்பியூட்டரில் போட்டு வைத்தார். தாங்களாகவே படித்து, சோதனையில் சுமார் 30 புள்ளி எடுத்தார்கள். பிறகு அவர்களுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது. பின்னால் நின்று, "அட, இது என்ன? எப்படிச் செஞ்சீங்க?" என்ற மாதிரிக் கேட்டு மெச்சினார், அவ்வளவுதான். புள்ளி சுமார் 50 ஆக உயர்ந்தது!

"நாங்க படிக்காதவங்க, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்கும் தாய்மாருக்கு இதுதான் பதில். கொழுந்து பறித்துவிட்டு வந்த பின் பத்து நிமிடம் பிள்ளைக்குப் பின்னால் நின்று கேளுங்கள். அதற்குப் படிப்புத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நாலு பேர் பார்க்கும் இடத்தில், கூட்டாகப் படித்தார்கள். மூலையில் தனியே போனைக் கொடுத்துப் படம் பார்க்க விடுவது படிப்பாகாது. வயர், பிளக் வேலையைப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிள்ளை தொடட்டும்.