பிஜித் தீவின் நீல அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி என்றதும் இரவில் விளக்கைச் சுற்றி வரும் பூச்சியே நம் நினைவுக்கு வரும். ஆனால், பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உள்ளன. சைகீனிடே குடும்பத்தைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை அத்தகையவையே. அவற்றின் பளபளப்பைக் கண்டு வண்ணத்துப்பூச்சி என எண்ணுவோரும் உண்டு.

இக்குடும்பத்தைச் சேர்ந்த லெவுவானா அந்துப்பூச்சி, பிஜி நாட்டின் மிகப் பெரிய தீவாகிய வித்தி லெவுவில் வாழ்ந்தது. சிறகுகளை விரித்தாலும் அதன் அகலம் ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டர்தான். நீல நிறத்தில் மின்னும் அழகிய பூச்சி அது. ஆயினும், அதன் புழுக்கள் தென்னை ஓலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றன. ஓலைகள் காய்ந்து சருகாயின, காய்ப்பும் குன்றியது. உணவுக்கும் வருமானத்திற்கும் தென்னையை நம்பி வாழ்ந்த தீவு மக்களுக்கு இது பெரும் இடராக அமைந்தது. அத்தீவில் அப்புழுக்களைக் கட்டுப்படுத்தக்கூடிய இயற்கை எதிரி எதுவும் இல்லை. உயர்ந்து வளர்ந்த மரங்களில் மருந்து தெளிப்பதோ எளிய செயலன்று. 1920ஆம் ஆண்டுகளில் பூச்சி அண்டைத் தீவுகளுக்கும் பரவத் தொடங்கியதும் அச்சம் கூடியது.

ஜே.டி. டொத்தில் தலைமையிலான பூச்சியியல் அறிஞர்கள் இதற்குத் தீர்வு தேடினர். அவர்கள் தேடியது கிடைத்த இடம் நம் மலாயா! இங்கும் தென்னையைத் தாக்கும் ஆர்த்தோனா என்னும் அந்துப்பூச்சி உண்டு. அது லெவுவானாவின் உறவினம். அதன் புழுக்களின் மீது ஒருவகை ஈ முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் ஈயின் குஞ்சு, புழுவின் உடலைத் துளைத்து உட்புகுந்து, அதனை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. 1925இல் இந்த ஈக்கள் மலாயாவிலிருந்து கப்பல்வழி பிஜிக்குக் கொண்டு செல்லப்பட்டன. நீண்ட கடற்பயணத்தில் அவற்றை உயிருடன் காப்பதே பெரும்பாடு.

விளைவு எவரும் எதிர்பாராத வேகத்தில் வந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே தென்னைகள் மீண்டும் பசுமை பெற்றன. லெவுவானாவோ அரிதாகி, பின்னர்க் கண்ணில் படவே இல்லை. இன்று அது அழிந்துபோன உயிரினங்களின் பட்டியலில் உள்ளது.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. வேற்றிட ஈயைக் கொண்டுவந்து ஓர் இனத்தையே அழித்தது பெரும் தவறு என்பர் சிலர். லெவுவானாவே வேறு தீவிலிருந்து வித்தி லெவுவுக்கு வந்திருக்கலாம். அங்கே அது இன்னும் வாழக்கூடும் என்பர் வேறு சிலர். மரங்கள் பட்டுப்போவதைக் கண்முன்னே கண்ட விவசாயிக்கு இந்த விவாதம் வேறு விதமாகத் தோன்றியிருக்கும் என்பதையும் நாம் மறுக்க இயலாது.

மலேசியாவிலோ ஆர்த்தோனாவும் அந்த ஈயும் நெடுங்காலமாக ஒரே தோப்பில் வாழ்ந்து வருகின்றன. சில வேளைகளில் புழுக்கள் பெருகும். அவற்றைத் தொடர்ந்து ஈக்களும் பெருகும். பிறகு இரண்டுமே குறையும்.