ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்

அன்புள்ள வாசகருக்கு,

ஸ்காட்லாந்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போதைப் பழக்கம் உள்ளவர்களின் கையிலேயே முறிமருந்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்களாமே, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று தைரியம் கொடுப்பதாகாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பலருக்கும் உள்ள சந்தேகம்தான்.

அந்த மருந்து நலோக்சோன். ஹெராயின், மெத்தடோன் போன்றவை அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர், ஆள் தூங்குகிறார் என்றே நினைத்துக்கொள்வார். நலோக்சோன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதில் போதை துளியும் இல்லை. பழகிய உடம்புக்கு வியர்வை, நடுக்கம், வாந்தி என்று அவஸ்தைதான் மிச்சம். அதை விரும்பி வரவழைத்துக்கொள்பவர் அரிது.

சிக்கலே கண்விழித்த பிறகுதான். நலோக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் தணிந்துவிடும். மெத்தடோனோ ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் தங்கும். எழுந்தவர் "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்" என்றால், சுயநினைவோடு இருப்பவரை வற்புறுத்தி வண்டியில் ஏற்ற முடியாது. வண்டி போனபின் மூச்சு மறுபடி அடங்கலாம். போதாக்குறைக்கு, தெருவில் விற்கும் போலி வேலியம் (பதற்றம் தணிக்கும்) மாத்திரைகளையும் அங்கே பலர் சேர்த்து விழுங்குகிறார்கள்; அவற்றை இந்த மருந்து முறிக்காது.

அதனால்தான் ஊழியர்கள் கிளம்பும் முன் சில நிமிடங்கள் ஒதுக்குகிறார்கள். வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ நண்பரிடமோ மருந்தைக் கொடுத்து, உதடு நீலம்பாரித்தால் என்ன செய்வது, ஒருக்களித்து எப்படிப் படுக்க வைப்பது, அவசர எண் 999-ஐ அழைத்துவிட்டு ஏன் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். சொல்லும் தொனியும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். ஒரு சுடுசொல் போதும், அடுத்த முறை போன் செய்யவே தயங்குவார்கள்.

உயிர்காக்க எவரும் நலோக்சோன் ஊசியைப் போடலாம் என்று பிரிட்டனில் 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. 2011-இல் ஸ்காட்லாந்து நாடு முழுவதற்குமான நலோக்சோன் திட்டத்தைத் தொடங்கியது. ஆனாலும், சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 2020-இல் மட்டும் போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,339 பேர். சிகிச்சை மையத்தின் வாசலையே மிதிக்காதவரின் வீட்டுக்குள்ளும் நுழைகிற மருத்துவச் சேவை ஒன்று உண்டென்றால் அது ஆம்புலன்ஸ்தான். மருந்தை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கையில் கொடுத்தனுப்பியதன் காரணம் இதுவே.

ஆனால் ஊழியர்கள் தனியாக எவ்வளவு செய்துவிட முடியும்? சிகிச்சை கேட்டு வருபவருக்கு அன்றே அதைத் தொடங்கும் வாய்ப்பு வேண்டும், ஆபத்தில் இருப்பவரை மையமே தேடிப்போக வேண்டும் என்று 2021-இல் அங்கே தரநிலைகள் வகுத்தார்கள். அவை ஏட்டோடு நின்றுவிட்டால், அதே ஊழியர்கள் அதே வீட்டுப் படியை மறுபடி ஏற வேண்டியிருக்கும். மருந்தை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்