கரண்ட் திரும்பி வரும் நேரம்

என் பட்டறையின் தகரச் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் விழுந்தது. நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய கிழமை அது. இங்கே கிளிநொச்சியில் காலபோக அறுவடை முடிகிற பருவம். கதிரடிக்கும் மெசினின் சாப்ட் ஒன்றுக்கு என் மில்லிங் மெசினில் சாவித்தடம் வெட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மெசின் சும்மா நிற்கிற நேரத்தில் கட்டரை மாற்றிவிடலாம் என்று நினைத்து, மேலே கட்டரை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டேன். ஸ்பானரை அப்படியே விட்டுவிட்டு, கீழே பெட்டியில் இருந்த மற்றக் கட்டரை எடுக்கக் குனிந்தேன். அந்த நேரம் கரண்ட் வந்தது. என் தலை இருந்த இடத்தால் ஸ்பானர் பறந்து போய்த் தகரத்தில் அடித்தது.

ட்ரம் சுவிச்சை நடுவுக்குத் திருப்பாமல் விட்டது என் பிழை. ஆனால் ஒரு மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பி நிற்கிற மெசினை வீட்டில் வைத்திருந்தது அதைவிடப் பெரிய பிழை. என் மூத்தவன் அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே பட்டறைக்குத்தான் வருவான்.

மெசின் யப்பானில் பாவித்துக் கழித்தது. கொழும்பில் வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். யப்பானில் தொழிற்சாலைக் கரண்ட் மூன்று பேஸ் 200 வோல்ட், வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். இந்த மெசினின் கொன்டாக்டர்களும் 100 வோல்ட் கொயிலில்தான் இழுபடும். நமக்கு வீட்டில் 230 வோல்ட், மூன்று பேஸ் எடுத்தால் 400 வோல்ட். இரண்டுக்கும் பொருந்தாததால், எனக்கு முன் வைத்திருந்த யாரோ கொன்டாக்டர் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, ட்ரம் சுவிச்சும் கப்பாசிட்டரும் போட்டு ஒற்றைப் பேஸில் மோட்டரை ஓட்டியிருந்தார்கள். மோட்டர் சுழலும், ஆனால் முழுப் பலம் தராது. அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். அதைவிட மோசம், கொன்டாக்டரோடு சேர்ந்து அது தந்த காவலும் போய்விட்டது. கொன்டாக்டர் கரண்ட் போனால் தானாக விழும். மறுபடி பொத்தானை அழுத்தும்வரை எழாது. ட்ரம் சுவிச் விட்ட இடத்திலேயே நிற்கும்.

வி.எஃப்.டி. போடுவது என்று முடிவெடுத்தேன். ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் ட்ரைவ் அது. யப்பான் மோட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. 230 வோல்ட் ட்ரைவ், வாங்கிய வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. 200 வோல்ட் மோட்டருக்கு அது அளவாகப் பொருந்தும். மோட்டரின் தகட்டில் உள்ளபடி 50 ஹேர்ட்சுக்கு 200 வோல்ட் என்று ட்ரைவுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. ஐரோப்பிய மோட்டர் என்றால் தகட்டை இன்னொரு தரம் வாசியுங்கள். 230/400 என்று இருந்தால் உள்ளே ஸ்டாரில் கிடக்கும் இணைப்பை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். 400/690 என்று இருந்தால் இந்த ட்ரைவால் அதற்கு முழுப் பலம் கொடுக்க இயலாது. தகட்டில் உள்ள அம்பியரையும் ட்ரைவில் பதிய மறக்காதீர்கள். அதைப் பதிந்தால்தான் மோட்டர் எரிய முன்னம் ட்ரைவ் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

ட்ரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பொருத்திப் பார்த்த முதல் நாள், முன்னே பின்னே ஓட்டப் பழைய ட்ரம் சுவிச்சையே கட்டளைச் சுவிச்சாக இணைத்திருந்தேன். வேலை அழகாக நடந்தது. அறிவியல் நகரில் உள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிக்கிற என் மருமகன் அதைப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டான்.

“மாமா, கரண்ட் போய் வந்தால் உது என்ன செய்யும்?”

மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். நான்கைந்து செக்கனில் மோட்டர் தானாகச் சுழலத் தொடங்கியது. காசு செலவழித்துப் புது மெசின் ஆக்கியும் தகரச் சுவருக்கு முன்னால் அதே இடத்தில்தான் நின்றேன்.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றினேன். இப்போது இருப்பது இப்படி. கட்டளைக்கு விட்டால் திரும்பிவிடும் பொத்தான்கள்: பச்சை ஓட, சிவப்பு நிற்க. ட்ரைவின் கையேட்டில் இதை மூன்று வயர் முறை என்று எழுதியிருக்கும். சிவப்புப் பொத்தான் சாதாரணமாக மூடியே இருக்கும் வகை. அதன் வயர் அறுந்தாலும் மெசின் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு ட்ரைவில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இதற்கு மேலாக, ட்ரைவுக்குப் போகிற மெயின் வயரில் 24 வோல்ட் கொயில் உள்ள கொன்டாக்டர் ஒன்று, தன்னைத் தானே பிடித்து நிற்கும்படி. கரண்ட் போனால் அது விழும். திரும்ப வந்தாலும் ட்ரைவே உயிர் பெறாது. முதலில் கொன்டாக்டருக்கு ஒரு பொத்தான், பிறகு ட்ரைவுக்குப் பச்சைப் பொத்தான். காளான் தலை அவசரச் சுவிச் கொன்டாக்டரையும் ட்ரைவின் கட்டளையையும் சேர்த்தே வெட்டுகிறது. அதை இடது கை எட்டுகிற பக்கம், கட்டரைத் தாண்டிக் கை போகாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

மெயின் கொன்டாக்டரைப் போட்டு எடுத்து மோட்டரை ஓட்டி நிறுத்தக் கூடாது. ட்ரைவின் ஆயுள் குறையும். ட்ரைவுக்கும் மோட்டருக்கும் இடையில் எந்தச் சுவிச்சும் இருக்கக் கூடாது. ஓட்டத்தில் அதைத் திறந்தால் ட்ரைவ் செத்துப்போகலாம். அவசரச் சுவிச் கரண்டை வெட்டும்போது ட்ரைவின் பிரேக்கும் போய்விடுகிறது, கட்டர் தன் வேகத்தில் சுற்றித்தான் நிற்கும். அதனால் அன்றாடம் நிறுத்தச் சிவப்புப் பொத்தான். அது இரண்டு செக்கனில் இறக்கி நிறுத்துகிறது.

அடுத்த பிரச்சினை ட்ரிப் சுவிச். பச்சையை அழுத்தினால் வீடு முழுவதும் இருண்டுவிடும். வயரிங் செய்கிற தம்பி வந்து பார்த்து, “அண்ணை, உதைக் கழட்டிவிட்டு நேரே குடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை” என்றார். நல்ல வேலைக்காரர்தான். இந்தப் பேச்சை மட்டும் நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். ட்ரைவின் உள்ளே இருக்கும் பில்டர் கொஞ்சக் கரண்டை ஏர்த்துக்கு விடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் அதைக் கசிவென்று எடுத்துக்கொள்கிறது. மெசினுக்குத் தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிச் எடுத்தோம். ட்ரைவின் கசிவு சில நேரம் நேர்க் கரண்டாகவும் இருக்கும். சாதாரண வகைக்கு அது தெரியாது. பி வகை வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்; ட்ரைவின் விலையை நெருங்கியது. மோட்டருக்குப் போகும் வயரைக் குறுக்கி, வலை சுற்றிய கேபிளாக மாற்றி, வலையை ஏர்த்தில் கட்டிய பிறகு அனாவசியமாக விழுவது நின்றது.

ஏர்த் கம்பிக்கும் நமது மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆடி வெயிலில் எங்கள் வளவு வெடித்துக் கிடக்கும். காய்ந்த மண்ணில் ஏர்த் பிடிக்காது. பட்டறை மூலையில் இருந்த கம்பியை விட்டுவிட்டு, கிணற்றடி வாழைப்பாத்தியில் புதிதாக ஒன்று இறக்கினேன். குளிக்கிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் ஓடும், கோடையிலும் ஈரம். மீட்டர் வைத்துப் பார்த்தால் பழையதன் மூன்றில் ஒரு பங்கு ஓம்கூட இல்லை.

பெட்டியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே மின்பெட்டிக்குப் பெரிய எதிரி பல்லியும் எறும்பும். கொன்டாக்டரின் முனைகளுக்கிடையில் எறும்பு நசிந்து கிடந்து தொடர்பு பிடிக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்; பல்லி குறுக்கே விழுந்து கருகியதையும் எடுத்திருக்கிறேன். மெசினின் சுருளும் தூளும் இதோடு சேர்ந்துகொள்ளும். வயர் நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் இறுக்கும் கிளாண்ட், கதவுக்கு ரப்பர். ட்ரைவுக்குக் காற்று வேண்டும் என்பதால் பெட்டியை ஒரு அளவு பெரிதாக எடுத்து, காற்றுத் துவாரங்களுக்கு மெல்லிய வலை அடித்தேன். கதவின் உட்பக்கத்தில் வயர் இலக்கங்களோடு படம் ஒட்டியிருக்கிறது. நான் இல்லாத நாளில் திறப்பவர் ஊகிக்கக் கூடாது. அந்தப் படத்துக்கு மேல் சிவப்பில் எழுதி வைத்திருப்பது: மெயினை இறக்கிப் பத்து நிமிடம் பொறு, மீட்டரால் பார், பிறகு தொடு. ட்ரைவின் கப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

ஐப்பசி இடிக்கு இன்னும் முழு மருந்து கண்டுபிடிக்கவில்லை. மின்னல் காப்பான் போட்டிருக்கிறேன், வானம் கறுத்தால் பிளக்கையும் கழற்றிவிடுகிறேன்.

வேகம் மாற்றலாம் என்றதும் பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். 25 ஹேர்ட்சில் மோட்டரின் பலம் பாதிதான். அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். பெரிய கட்டருக்கு நான் இன்றும் பெல்ட்டைத்தான் மாற்றுகிறேன்.

போர் நாளில், பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரிகூட இங்கே வன்னிக்கு வராது. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். போருக்குப் பின் வவுனியாவிலிருந்து பெரிய லைன் வந்து, வீட்டுக்குள் கரண்ட் எரிந்த முதல் இரவு என் அம்மா லைட்டை அணைக்க விடவில்லை. கரண்ட் வருவதை நாங்கள் எப்போதும் சந்தோசமாகவே பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஆபத்தும் வரலாம் என்று பழக எனக்கு ஒரு ஸ்பானர் தேவைப்பட்டது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் கரண்ட் போனது. மூத்தவன் மெசின் மேசையில் குனிந்து, தடத்துக்குள் இறுகிய இரும்புத் தூளைத் தூரிகையால் வழித்துக்கொண்டிருந்தான். கட்டர் அவன் தலைமுடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எவ்வளவு நேரம் போனதோ, பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று பாடியது. அவன் நிமிரவில்லை.

“அப்பா, கரண்ட் வந்திட்டுதோ?” என்று மட்டும் கேட்டான்.