சுமைதாங்கியும் புத்தகப்பையும்

அன்புள்ள குழந்தாய்,

'புத்தகப்பை சுமந்தால் கூன் விழுந்துவிடும் என்று பாட்டி சொல்கிறாளே, மெய்தானா ஐயா?' என்று போன கடிதத்தின் ஓரத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரி, பத்து நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

மெய்யன்று. வளரும் பருவத்தில், அதிலும் பெண்குழந்தைகளுக்கு, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் கோணல் பெரும்பாலும் காரணம் இன்னதென்று துலங்காமலே தோன்றுவது. அதைப் பை உண்டாக்குவதில்லை. பையை இறக்கிவைத்த பிறகும் ஒரு தோள் உயர்ந்தே நிற்குமானால், குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் புடைத்துத் தெரியுமானால், உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். அதைச் செய்யாமல் பையின்மேல் பழியைப் போட்டுப் பெற்றோர் காலங்கடத்துவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் கோபம் கொஞ்சமன்று.

ஆனால், கூன் விழாது என்றதனால் வலியும் வராது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு அரை மைல் நடப்பவளை, அதே குடத்தைக் கைநீட்டிப் பிடித்தபடி பத்தடி நடக்கச் சொன்னால் தவித்துப்போவாள். பாரம் ஒன்றே, உடலைவிட்டு அது விலகிய தூரந்தான் வேறு. வாரைத் தளரவிட்டு இடுப்புக்குக் கீழே தொங்கவிட்ட பை பின்னுக்கு இழுக்க, அதற்கு ஈடாக உடல் முன்னே சாய, வழியைப் பார்க்கவேண்டிக் கழுத்து மட்டும் நிமிர்ந்து நிற்க, முதுகுத் தசைகள் க்ஷணமும் ஓய்வின்றி உழைக்கின்றன. கனத்த புத்தகங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும்; வார் இரண்டும் இரு தோள்களிலும் இருக்கட்டும். ஒற்றைத் தோளில் மாட்டுவது அழகென்று உன் வகுப்பில் யாராவது சொன்னால், நீ அதைக் கேட்கவேண்டாம்.

இனி, என் மனத்துக்கு மிகவும் உகந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டுப் பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பதைப் பார்த்திருப்பாய். அது சுமைதாங்கி. கர்ப்பிணியாக இருக்கையில் இறந்துபோன பெண், வயிற்றுப் பாரத்தை இறக்காமலே போனாளே என்று இரங்கி, அவள் நினைவாக அதை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. அந்தக் கல்லின் உயரத்தைக் கவனித்தாயா? தலைச்சுமைக்காரன் குனியாமல், பிறர் கையை எதிர்பாராமல், சுமையைத் தள்ளிவைக்கவும் மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளவும் தக்க உயரம். சுமப்பதைக் காட்டிலும் ஏற்றுவதும் இறக்குவதுமே தேகத்தை வருத்துபவை என்பதை அறிந்தவர்கள் வைத்த கல் அது. நம் பள்ளிகளிலோ பை தரையில் கிடக்கிறது. பிள்ளை குனிந்து, இடுப்பைத் திருகி, ஒரு கையால் அதை வீசித் தோளில் ஏற்றுகிறது. ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் இடுப்பளவு உயரத்தில் ஒரு திண்ணை கட்டிவைத்தால் என்ன? நான் கேட்காத தலைமையாசிரியர் இல்லை, கட்டியவர் எவருமில்லை.

பையின் நிறையைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு. மால்குடிக் கதைகளை எழுதிய ஆர். கே. நாராயண் 1989-இல் ராஜ்ய சபையில் தம் முதற்பேச்சையே இந்தப் பைக்காகச் செலவிட்டார். சுவாமிநாதன் என்னும் சிறுவனை அவர் படைத்த நாவலை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை, குழந்தையின் மனத்தை அறிந்தவரே அதன் முதுகையும் நினைத்தார். 1993-இல், பாடச்சுமையை ஆராய அமைந்த யஷ்பால் குழு, பையின் கனத்தினும் கொடிது விளங்காமல் படிக்கும் பாரம் என்றது. தமிழ்நாட்டில் 2012-இல் வந்த முப்பருவ முறை புத்தகத்தையே பகுத்துத் தந்தது. 2018-இல் மத்திய அரசு ஏழாம் வகுப்புக்கு நான்கு கிலோ என்று எல்லை வகுத்தது. 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கலாகாது என்கிறது. முப்பது கிலோ எடையுள்ள உனக்கு அது மூன்று கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறவாதே. பள்ளியில் நல்ல தண்ணீர் கிடைக்குமானால், வீட்டிலிருந்து புட்டியைக் காலியாகவே கொண்டுபோ.

நாளைக் காலையில் மளிகைக் கடைத் தராசில் பையை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, என்ன காட்டியது என்று எனக்கு எழுது. பள்ளியில் சன்னல் திண்டு தாழ்வாக இருந்தால், ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் பையை அதன்மேல் வை.