துரையைத் தேடப் போகிறவளுக்கு

மகளே, உன் பூட்டன் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை என்று வீட்டில் அரைகுறையாகப் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். இலங்கை மலையகத்தில் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு உண்டு. தேட ஆசைப்படுகிறாய்; தேடு. அதற்கு முன் இந்தக் கிழவன் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

1. காகிதம் காத்திருக்கும், கிழவிகள் காத்திருக்க மாட்டார்கள். முதலில் அவர்களிடம் போய் உட்கார். "யார் அந்த ஆள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கங்காணியின் பெரட்டு (ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) என்று சுற்றி வா. நான் பார்க்கப் போன ஒரு பாட்டி துரையின் பெயரைச் சொல்லவே இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பழைய ஸ்டோர் எரிஞ்ச வருசம் அவரு கப்பலேறினாரு" என்றார். ஸ்டோர், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலை, எரிந்த வருஷம் தெரிந்ததும் ஆளும் அகப்பட்டார்.

2. பெர்குசன் டைரக்டரியை நிதானமாகப் படி. தோட்டம், உடைமையாளர், துரை என்று வரிசையாக இருக்கும். தோட்டங்களுக்கு நம் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர்களும் உண்டு. காகிதத்தில் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர் தாங்கிய தோட்டம், லயத்தில் ஒரு கங்காணியின் பெயரால் வழங்கும். இரண்டையும் பொருத்தாமல் ஓரடி நகர முடியாது. ஒரு வருஷப் பதிப்பைப் பார்த்துவிட்டு "இவர்தான்" என்று துள்ளாதே. சின்னத்துரையாக ஓரிடம், பெரியதுரையாக வேறிடம் என்று அவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நமக்குப் பிடித்த பெயரைத்தான் மனசு முதலில் எடுத்துக்கொள்ளும். அதற்கு அவசரப்பட்டு இடம் கொடுக்காதே.

3. அன்றைய இலங்கை இந்திய ஆட்சியின் கீழ் இல்லை; பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கீழ் இருந்தது. அதனால் அரசாங்கக் கடிதங்களுக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம்தான் முதல் வாசல், சி.ஓ. 54 என்ற வரிசையைக் கேள்.

4. கல்லறைகளுக்கும் போ. டிக்கோயா வார்லி தேவாலயத்திலும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்திலும் துரைமார் உறங்குகிறார்கள். 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் இருப்பதும் பொகவந்தலாவையில்தான். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கண்டி மஹய்யாவையில் இருக்கிறார். எழுத்து மங்கிய கல்லைச் சுரண்டாதே. பென்ரி லூயிஸ் 1913இலேயே தீவின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார், அதில் பார்.

5. துரைக்குக் கல் இருக்கும். உன் பூட்டிக்கு இருக்காது. ஆகவே அவளை இன்னும் கவனமாகத் தேடு. தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் ஒரே பெரட்டில் மூன்று ராமாயி இருப்பார்கள். கங்காணி பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறியலாம். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால், வெறுமை என்றே குறித்துக்கொள், நீயாக நிரப்பாதே. இப்படிப்பட்ட பிள்ளைகள் இங்கே மட்டும் பிறக்கவில்லை. அஸ்ஸாம், டார்ஜிலிங் துரைமாரின் பிள்ளைகளுக்காக கிரஹாம் பாதிரியார் 1900இல் கலிம்பொங்கில் இல்லம் தொடங்கினார். அங்கிருந்து 1908 முதல் 1938 வரை 130 இளையவர்களை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் வேரைத் தேடுகிற பேரப்பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. தாயின் பெயருக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

உன் பூட்டி கதையைக் காதல் என்று எழுதிவிட உனக்கு ஆசை வரும். இன்னொரு நாள் கொடுமை என்று எழுதக் கை துடிக்கும். இரண்டுக்கும் சாட்சி இல்லாவிட்டால் இரண்டையும் எழுதாதே. ஆனால் செக்ரோலில் பேர் போடுவதும் சம்பளம் தருவதும் லயத்துக் காம்பராவும் துரையின் கையில் இருந்தபோது, "மாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று கேட்காமல் விடாதே.

6. மரபணுச் சோதனையில் ஸ்கொட்லாந்து உறவு யாராவது அகப்பட்டால் முதல் கடிதத்தைச் சுருக்கமாக எழுது. "சொத்துக் கேட்டு வரவில்லை" என்று நீயாகச் சொல்லாதே; சொன்னால்தான் சந்தேகமே வரும். அவர்கள் தாத்தாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். தோட்டத்தின் பெயர், வருஷம், பூட்டியின் பெயர், ஒரு படம். பதில் வராவிட்டால் ஒரு வருஷம் பொறுத்து இன்னொரு கடிதம் போடு. அதற்கும் வராவிட்டால் விட்டுவிடு.